சீசன் போனா திரும்ப வரும், ஆள் போனா வராது

"கதவைச் சாத்திட்டா செலவு ஏது?"

போன வாரம் சுற்றுலாத் தொழில் பத்தின ஒரு கூட்டத்துல ஒருத்தர் இப்படிக் கேட்டார். கொரோனா சமயத்துல ஃபேக்டரிக்காரனுக்குச் சரக்கு தேங்குச்சு, கடைக்காரனுக்குப் பழம் அழுகுச்சு, வீட்டுல நாலு ரூம் விடுறவங்களுக்கு என்ன நஷ்டம்னு அவர் கேள்வி.

எனக்கு வந்துச்சே கோபம்! அங்கேயே பதிலும் சொன்னேன். ஆனா எழுந்து நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதான் இங்க நீட்டி எழுதுறேன். காபி போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

எங்க ஊர் கண்டனூர். காரைக்குடிப் பக்கம். ரயில்ல வர்றவங்களுக்குக் கண்டனூர் புதுவயல்னு ஸ்டேஷன் போர்டைச் சொன்னாத்தான் புரியும். செட்டிநாடு பார்க்க வர்ற வெளிநாட்டுக்காரங்க பெரும்பாலும் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடியில பழைய சாமான் விக்கிற தெருன்னு சுத்திட்டுத் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ போயிடுவாங்க. கொஞ்சம் அமைதியா இருக்கணும்னு நினைக்கிறவங்க எங்க ஊர்ப் பக்கம் வருவாங்க. எங்க வளவு வீட்டுல, அதாவது நடுவுல முற்றம் வச்ச பூர்வீக வீட்டுல, ஒரு பகுதியை ஒழுங்கு பண்ணி நாலு ரூம் விடுறோம். சமையலுக்கு ஒரு அக்கா, கூடமாட ரெண்டு பேர், தோட்டத்துக்கும் கேட்டுக்கும் ஒரு அண்ணன், கூப்பிட்டா வர்ற டிரைவர் அண்ணன். இதுதான் எங்க தொழிலோட மொத்தப் படை.

இப்ப சீசன் கணக்கைச் சொல்றேன். இது புரிஞ்சாத்தான் மீதி புரியும்.

கொரோனாவுக்கு முன்னாடி எங்களுக்கு வருமானம் அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும்தான். அந்த ஆறு மாசத்துல சம்பாதிச்சதை வச்சுத்தான் வெயில் காலத்தை ஓட்டணும். 2020 மார்ச் 13லேருந்து சுற்றுலா விசாவை நிறுத்தி வச்சாங்க. மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டுல 144, அன்னைக்கு நள்ளிரவுலேருந்து நாடு முழுக்க ஊரடங்கு. சீசன் முடியிற நேரம். அதனால முதல் ரெண்டு மாசம் எங்க பக்கம் யாரும் பெருசா பதறலை. எப்படியும் ஏப்ரல், மே காலியாத்தானே கிடக்கும்?

அடி விழுந்தது அதுக்கு அப்புறம்தான். 2020-21 சீசனுக்கு ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கும் விசா இல்லை. 2021 நவம்பர் 15லதான் சாதாரண விமானத்துல வர்றவங்களுக்கு மறுபடி சுற்றுலா விசா திறந்தாங்க. அதே மாசக் கடைசியில ஒமைக்ரான். டிசம்பர்ல தொடங்க இருந்த வழக்கமான சர்வதேச விமானங்களைத் தள்ளிப் போட்டு, கடைசியா 2022 மார்ச் 27லதான் விட்டாங்க. மார்ச் 27! எங்க சீசன் முடிஞ்சு, வெயில் கொளுத்த ஆரம்பிக்கிற நேரம்.

ஆக, ஊரடங்கு போட்டது சில மாசம்னாலும் எங்களுக்குப் போனது ரெண்டு முழு சீசன். நாட்டுக் கணக்கும் அதையேதான் சொல்லுது. 2019ல இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சம். 2020ல 27 லட்சம். 2021ல 15 லட்சம். பாருங்க, ரெண்டாவது வருஷம் முதல் வருஷத்தை விட மோசம். அந்தப் 15 லட்சத்துலயும் சொந்தக்காரங்களைப் பார்க்க, வேலை விஷயமா வந்தவங்கதான் நிறைய.

சரி, "செலவு ஏது" கேள்விக்கு வர்றேன்.

செட்டிநாட்டு வீட்டைப் பூட்டி வச்சா அது சும்மா இருக்காதுங்க. ஆள் புழங்காத பாத்ரூம்ல தரைக்குழாய்த் தண்ணி வத்திப்போய், சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேல ஏறும். அதனால வாரம் தவறாம ஒவ்வொரு குழாயையும் திறந்து விடணும். மோட்டாரைப் போட்டு எடுக்கலைன்னா இறுகிப்போகும். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போகும். ஏசி ஒயரை எலி கடிச்சு வைக்கும். மெத்தையில பூஞ்சை. பர்மாத் தேக்குல கரையான் லேசுல ஏறாது, ஆனா பக்கத்துல இருக்கிற வேற மரத்தை விடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னாடி நாட்டு ஓட்டை மாத்தித் தள்ளலைன்னா ஒழுகுற தண்ணி சுண்ணாம்புப் பூச்சுல இறங்கும். ஒரு தடவை இறங்கிடுச்சுன்னா அந்தச் சுவரைப் பழையபடி பூசறதுக்குத் தெரிஞ்ச கொத்தனார் இப்ப எத்தனை பேர் இருக்காங்க? கரண்டு எரிக்கலைன்னாலும் வணிக இணைப்புக்கு நிலைக்கட்டணம் வரும். இதுக்கு மேல சம்பளம்.

வருமானம் பூஜ்யம். செலவு ஓடிக்கிட்டே இருக்கு.

கடன் வாங்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க.

2020 மே மாசம் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவிச்சாங்க. நல்ல திட்டம்தான், பல சின்ன கம்பெனிகள் அதுல தப்பிச்சிருக்கு. ஆனா அது எப்படின்னா, 2020 பிப்ரவரி 29ல உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்துச்சோ அதுல 20 சதவீதம் கூடுதலாத் தருவாங்க. 2021ல தங்குமிடம், சுற்றுலாத் தொழிலுக்கு அதை 40 சதவீதமா உயர்த்துனாங்க. எங்க அப்பச்சி கடனே வாங்காம நடத்துனவங்க. பூஜ்யத்துல 20 சதவீதமும் பூஜ்யம், 40 சதவீதமும் பூஜ்யம். ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிக் கட்ட விட்டுச்சே, அதுவும் தவணை இருக்கிறவங்களுக்குத்தான்.

2021 ஜூன்ல சுற்றுலாத் துறைக்குன்னு தனியா ஒண்ணு வந்துச்சு. அங்கீகாரம் பெத்த டிராவல் ஏஜென்சிக்கு 10 லட்சம் வரைக்கும், உரிமம் உள்ள வழிகாட்டிக்கு 1 லட்சம் வரைக்கும் கடன். எங்களை மாதிரி வீட்டுல ரூம் விடுறவங்களுக்கு அதுல இடம் இல்லை.

புதுசாக் கடன் கேட்டா? வீட்டுப் பத்திரத்தைக் கொண்டாங்கன்னாங்க. வளவு வீடு யார் பேருல இருக்கும்? எல்லாப் பங்காளிக்கும் பங்கு. ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் போய்ச் சேர்ந்து அவங்க பிள்ளைகள் மூணு ஊர்ல. ஊரடங்குல இத்தனை கையெழுத்தை எங்க போய் வாங்குறது? பெரிய வீடு, தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லு எல்லாம் இருக்கு. அவசரத்துக்கு ஒரு ரூபா புரளாது.

(இது எங்க பக்கம் புதுசும் இல்லை. 1930கள்ல பர்மாவுல நெல் விலை விழுந்தப்ப, அங்க வட்டிக்குக் கொடுத்திருந்த எங்க செட்டிநாட்டு நகரத்தாருக்குக் கடன் வாங்குனவங்க பணத்துக்குப் பதிலா நிலத்தைக் கொடுத்தாங்க. 1930கள் முடியிறதுக்குள்ள கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல விளைநிலத்துல கால்வாசி நகரத்தார் கைக்கு வந்துடுச்சு. பேரேட்டுல சொத்து மலை மாதிரி, பெட்டியில ரொக்கம் இல்லை. 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்தான். 1948ல நில நாட்டுடைமைச் சட்டம். பல குடும்பம் வெறுங்கையோட நின்னுச்சு. இன்னைக்கு நீங்க வந்து போட்டோ எடுக்கிற பூட்டுன வீடுகள்ல பல வீட்டுக் கதை அதுதான். அதனால ரொக்கம் பத்தி நான் பேசுனா எங்க அப்பத்தா காலத்துலேருந்து பேசுறேன்னு வச்சுக்கங்க.)

அடுத்தது முன்பணம். இதுல எனக்கு ரொம்ப உறுதியான கருத்து இருக்கு.

மார்ச் மாசம் வரவேண்டியவங்க எல்லாரும் வரிசையா ரத்து பண்ணாங்க. அந்த நேரத்துல பெரிய இடங்கள்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஏர்பிஎன்பி விருந்தாளிகளுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர்றதா அறிவிச்சுட்டாங்க. வீட்டுக்காரங்க கொதிச்சதும், 25 கோடி டாலர் ஒதுக்கி, ரத்து விதிப்படி வரவேண்டியதுல கால்வாசியைத் தர்றோம்னாங்க. நம்ம ஊர் விமான கம்பெனிகள் பல பேருக்குப் பணத்தைத் தராம கிரெடிட் ஷெல்னு வரவு வச்சாங்க. அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2020 அக்டோபர் 1ல தீர்ப்பு வந்துச்சு.

நாங்க எல்லாருக்கும் தனித்தனியா எழுதுனோம். "பணம் வேணும்னா இந்த வாரமே அனுப்பிடறோம். அப்புறம் வர்றோம்னு நினைச்சா இங்கேயே இருக்கட்டும், எந்த வருஷம் வந்தாலும் இதே விலை." அவ்வளவுதான். கேட்டவங்களுக்கு உடனே அனுப்புனோம். கேட்காம விட்டவங்க எதிர்பார்த்ததை விட நிறைய. பிரான்ஸ்லேருந்து ஒரு வயசான அம்மா, பணம் இருக்கட்டும், சமையல்காரங்களுக்குச் சம்பளம் போகுதான்னு கேட்டு எழுதுனாங்க. அந்த மெயிலை எங்க சமையல் அக்காவுக்குப் படிச்சுக் காட்டுனேன். அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அந்தம்மாவுக்குக் காரம் ஆகாது, அடுத்த தடவை வந்தா நான் பார்த்துச் செய்றேன்னு எழுதுங்க ஆச்சி"ன்னாங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு ஏஜென்சி. (பேர் வேண்டாம்.) ஜனவரியிலயும் பிப்ரவரியிலயும் அவங்க அனுப்புன ஆளுங்க தங்கி, சாப்பிட்டுப் போனதுக்கான பணம் வரவேண்டியிருந்துச்சு. ஏஜென்சி வழக்கம், பில் அனுப்பி ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தருவாங்க. அதுக்குள்ள ஊரடங்கு. போனை எடுக்கவே இல்லை. சின்ன இடங்களைக் கவுத்தது இந்த மாதிரி பாக்கிதான். நம்ம பணத்துல அவங்க தொழில் ஓடுது, நெருக்கடி வந்தா நஷ்டம் மட்டும் நமக்கு. இப்ப எங்க வீட்டுல விதி: பாதிப் பணம் விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி, மீதி அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி. யாரா இருந்தாலும் சரி.

இனிமேதான் நான் உண்மையில சொல்ல வந்தது.

ஆள்.

பெரிய ஓட்டல்ல பி.எஃப். இருக்கும், இ.எஸ்.ஐ. இருக்கும். 2020ல பி.எஃப்.லேருந்து முன்பணம் எடுக்க விட்டாங்க. நாலு ரூம் இடத்துல ஆள் எண்ணிக்கை அந்தச் சட்டத்துக்கு எட்டவே எட்டாது. ஊரடங்கு தொடங்குனப்ப ரேஷன்ல 1000 ரூபா வந்துச்சு. டிரைவர் அண்ணன் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருந்ததால அதுலயும் கொஞ்சம். அப்ப கிடைச்சது அவ்வளவுதான்.

அரிசி நாங்க பார்த்துக்கிட்டோம். புதுவயல் அரிசி ஆலை ஊர்ங்கிறதால அதுக்குப் பஞ்சம் வரலை. சம்பளம் பாதியாவது கொடுத்துடணும்னு முடிவு பண்ணோம். ரெண்டாவது மாசம் அக்கா சொன்னதுதான் எனக்குப் பாடம்.

"பாதிச் சம்பளம் சரி ஆச்சி. ஆனா வேலைன்னு ஒண்ணு குடுங்க. சும்மா வாங்கிக்க மனசு கேக்கலை."

அப்புறம்தான் வேலை தேட ஆரம்பிச்சோம். கவனிங்க, லாபம் தேடலை, வேலை தேடுனோம்.

முதல்ல காரைக்குடிக்குப் பார்சல் சாப்பாடு. வண்டிச் செலவுலயே போயிடுச்சு. நிறுத்திட்டோம்.

ஜூம்ல சமையல் சொல்லித் தந்தோம். பழைய விருந்தாளிகள் வந்தாங்க, சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அங்க நல்லெண்ணெய்க்கும் கல்பாசிக்கும் அவங்க எங்க போவாங்க? சில வாரத்துல தானா ஓய்ஞ்சுது.

நின்னது பலகாரம். கூரியர் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புனோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு சின்ன அளவுக்கு அப்ப வருஷம் 100 ரூபாதான், அதை முதல்ல எடுத்துட்டோம். (எடுக்காம விக்காதீங்க.) தேன்குழல் போற வழியில தூளாச்சு, சின்னச் சின்னதாப் பிழிஞ்சு டப்பாவுல நெருக்கி அடுக்குனா தாங்குச்சு. சீப்புச் சீடைக்கு ஒண்ணும் ஆகலை. மணகோலம் கல்யாண வீட்டுப் பலகாரம், பாகுல பிடிச்சு வச்சது நாள்பட நிக்கும், அதுதான் ஓஹோன்னு போச்சு. கல்யாணமே ஐம்பது பேரோட நடந்த வருஷம் இல்லையா, ஊர்ல இருக்கிற சொந்தங்களுக்கெல்லாம் டப்பா அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டாங்க. கும்மாயத்தையும் வெள்ளைப்பணியாரத்தையும் தொடவே இல்லை, அதெல்லாம் சுடச்சுட இங்க வந்துதான் சாப்பிடணும்.

கணக்குப் பார்த்தா பெரிய லாபம் இல்லை. ஆனா அடுப்பு எரிஞ்சுது. மூணு பேரோட கை பழக்கம் விடாம இருந்துச்சு. சம்பளமும் முக்கால்வாசிக்கு ஏறிடுச்சு.

டிரைவர் அண்ணன் கதை வேற. காருக்குத் தவணை, சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் கழுத்தை நெரிச்சுது. காய்கறி ஏத்தி வித்தார். எங்க கூரை ஓடுகளையும் பலகார டப்பாவையும் அவரே எடுத்துட்டுப் போனார். வெளியில குடுக்கிற வேலையை அவருக்கே குடுக்கணும்னு நாங்க வச்சுக்கிட்டது அப்பதான். எங்க பக்கம் எத்தனையோ நல்ல டிரைவருங்க வண்டியைக் குடுத்துட்டுத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டாங்க. சுத்துவட்டாரத்துல ஒவ்வொரு கோயிலும் எப்ப நடை திறக்கும், எந்த வீட்டுல கேட்டா உள்ள விடுவாங்கன்னு தெரிஞ்சவங்க. 2022ல ஆள் வந்தப்ப அவங்க இடத்துல நிக்க யாரும் இல்லை. இதைத்தான் நஷ்டம்னு சொல்றேன். எந்த ரிப்போர்ட்லயும் இது வராது.

2020 செப்டம்பர் 1லேருந்து தமிழ்நாட்டுக்குள்ள மாவட்டம் விட்டு மாவட்டம் போக வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் போச்சு, தங்குமிடங்களையும் திறக்க விட்டாங்க. யார் வந்தா தெரியுமா? நம்மாளுங்க. கோயம்புத்தூர், மதுரை, சென்னையில மாசக்கணக்கா ஃபிளாட்ல அடைஞ்சு கிடந்த குடும்பங்கள். பிள்ளைங்க வளவுல ஓடுன ஓட்டத்தைப் பார்க்கணுமே! நடுவுல வானம் தெரியிற வீடு, காத்து சுத்தி வரும், அந்த வருஷத்துக்கு அதை விட என்ன வேணும்? வாழை இலையில சாப்பாடு, சாப்பிட்டதும் எடுத்துப் போட்டுடலாம்.

சுத்தம் பத்தி ஒண்ணு. அப்ப எல்லாரும் பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு எங்க பார்த்தாலும் அடிச்சாங்க. ஆத்தங்குடிக் கல்லு சிமெண்டுல நிறம் சேர்த்துச் செய்யறது. கடுமையான மருந்து பட்டா பளபளப்பு போயிடும். சோப்புத் தண்ணியில துடைச்சோம், ஒருத்தர் காலி பண்ணா அடுத்தவங்களுக்கு முன்னாடி ரூமை ஒரு நாள் முழுக்கத் திறந்து போட்டோம்.

நம்ம குடும்பங்களுக்குத் தேவை வேற. விடிகாலையில ஃபில்டர் காபி. கூடுதலா ரெண்டு பாய், தலகாணி. கூட வந்த டிரைவருக்குப் படுக்க இடம். தாத்தாவுக்குப் படி ஏறாத ரூம். இதையெல்லாம் செஞ்சு, விலையையும் கொஞ்சம் குறைச்சோம். அவங்க மறுபடி வர்றாங்க, சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர்றாங்க, பொங்கலுக்கும் பள்ளி லீவுக்கும் வர்றாங்க. வெயில் காலம்கிறதே அவங்களுக்கு ஒரு பொருட்டில்லை.

2021 மே மாசம் ரெண்டாவது அலை, மறுபடி முழு ஊரடங்கு. அப்ப பயம் உயிருக்குத்தான், தொழிலைப் பத்தி யாரும் நினைக்கலை. ஆனா ஜூலையில திறந்தப்ப முதல் போன் இந்தக் குடும்பங்கள்ட்ட இருந்துதான் வந்துச்சு.

சின்ன இடங்களுக்கு இந்தக் கஷ்டம் நம்ம நாட்டுல மட்டும் இல்லை, இலங்கையைப் பாருங்க. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்த வருஷம் கொரோனா, 2022ல பொருளாதாரமே படுத்துச்சு. 2021 ஜனவரியில எல்லையைத் திறந்தப்ப, முதல்ல சான்று பெத்த ஓட்டல்கள்லதான் வெளிநாட்டுக்காரங்க தங்கணும்னு வச்சாங்க. வீட்டுல ரெண்டு ரூம் விடுறவங்க மறுபடி காத்திருந்தாங்க. எந்த நாட்டுலயும் கதவு திறக்கிறப்ப பெரியவங்களுக்குத்தான் முதல்ல திறக்குது. சின்னவங்க வரிசையில கடைசி. இதை மனசுல வச்சுத்தான் நாம திட்டம் போடணும்.

எங்க வீட்டுல இப்ப என்ன பண்றோம்னு சொல்றேன்.

எங்க பக்கம் வியாபாரத்துல வர்றதுல கோயிலுக்கும் தர்மத்துக்கும் மகமை எடுத்து வைப்பாங்க இல்லையா, அதே மாதிரி ஒவ்வொரு ரூம் வாடகையிலயும் ஒரு பங்கை முதல்லயே தனிக் கணக்குல போட்டுடறோம். அது கட்டடத்துக்கு இல்லை, ஆளுக்கு. ஆறு மாசச் சம்பளம் அதுல சேர்ற வரைக்கும் புது ரூம், புது பெயிண்ட் பேச்சே கிடையாது.

வேலை பார்க்கிற எல்லாரையும் நல வாரியத்துலயும் மத்திய அரசோட இ-ஷ்ரம் தளத்துலயும் பதிஞ்சாச்சு. பங்காளிங்க எல்லாரும் ஊருக்கு வந்திருந்தப்ப, வீட்டை நடத்துறதுக்கும் அதுக்காகக் கடன் வாங்குறதுக்கும் ஒருத்தருக்கு அதிகாரம் கொடுத்து எழுதி வாங்கியாச்சு. பலகாரத்தை விடலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகுது. ரூம்ல பாதி எப்பவும் நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு.

அரசாங்கத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தடவை உதவி அறிவிச்சா, பழைய கடன் எவ்வளவுன்னு கேக்காதீங்க. எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன்னு கேளுங்க. அதுக்கு ஏத்தபடி கொடுங்க. கடன் வாங்காம நேர்மையா நடத்துறவன் தண்டனை அனுபவிக்கிற மாதிரி ஒரு திட்டம் இருக்கக்கூடாது.

செட்டிநாட்டுக் கிராமங்களை 2014லேருந்து யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல வச்சிருக்காங்க. எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனா தூணும் கல்லும் மட்டும் செட்டிநாடு இல்லை. ஓடு மாத்தத் தெரிஞ்ச அண்ணனும், பணியார மாவைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்ற அக்காவும், கோயில் நடை நேரம் தெரிஞ்ச டிரைவரும் சேர்ந்தாத்தான் செட்டிநாடு.

நீங்களும் சின்னதா ஒரு இடம் நடத்துறீங்கன்னா, சீசன் நல்லா போற இந்த நேரத்துலயே ஆளுக்குன்னு அந்தக் கணக்கைத் தொடங்குங்க. ஒரு ரூம் வாடகையில நூறு ரூபாயா இருந்தாலும் சரி, இந்த மாசமே போடுங்க.